பொன்னி தலைமேல் வெயில்

1

இந்தக் காலத்தில் யார் யாருடைய முகத்தைப் பார்க்கிறார்கள்? சொல்லுங்கள், கேட்போம். நான் டோக்கன் கொடுக்கிற சைக்கிள் ஸ்டாண்டுக்கு வருகிறவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. ஒரு கை போனில் இருக்கும், இன்னொரு கை டோக்கனுக்கு நீளும். கண் என் பக்கம் வராது. கல்யாண மேடையில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காமல் வீடியோக்காரனைப் பார்க்கிறான். சாவு வீட்டில் ஒருவன் தலையைக் குனிந்து நிற்கிறானே, பாவம், துக்கம் தாங்கவில்லை போல என்று கிட்டப் போனால் அங்கேயும் போன். ஊரே இப்படி இருக்கும்போது, ஒரு சின்னப் பெண் முகத்தைப் பார்ப்பதில்லை என்று சொல்லி, அதற்கு ஆட்டிசம் என்று பேர் எழுதிக் கையில் கொடுத்தார்கள். அந்தப் பெண் என் பேத்தி.

இந்தக் கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் சனா என்று ஒரு பெண் இருக்கிறாள், பரங்கிப்பேட்டைக்காரி. இந்த மாதிரிப் பிள்ளைகளின் கண் எதைப் பார்க்கிறது, எப்படிப் பார்க்கிறது, வயது ஏற ஏற அது எப்படி மாறுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவள். "வீட்ல பாப்பா எதெதைப் பாக்குறான்னு யாராச்சும் எழுதிக் குடுத்தா நல்லாருக்கும் தாத்தா" என்றாள். காலை ஷிப்ட் முடிந்தால் பகல் முழுக்கச் சும்மா இருப்பவன் வீட்டில் நான் ஒருத்தன்தான். ஏழாம் வகுப்போடு நின்ற கை. எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். நாலு பக்கம் படித்தவள் சிரித்துவிட்டு, "இது கதை மாதிரி இருக்கு தாத்தா. எனக்கு வேணுங்கறது குறிப்பு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கதை மாதிரி இருந்தால் கதையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். வாங்கி வந்து மறுபடி எழுதுகிறேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதுதான்.

ஒரு சங்கடம் இருக்கிறது. 'நான்' என்று எழுதினால் கை தானாக நம்மை நல்லவனாக்கிவிடுகிறது. நான் அப்படிச் சொன்னேன், நான் இப்படித் தாங்கினேன் என்று ஓடுகிறது. எனக்கே நம்பிக்கை வரவில்லை, உங்களுக்கு எப்படி வரும்? அதனால் இனிமேல் கிழவனைச் சின்னையன் என்று பேர் சொல்லியே எழுதுகிறேன். (எங்காவது 'நான்' எட்டிப் பார்த்தால் இப்படி அடைப்புக்குள் இருக்கும். கண்டுகொள்ளாதீர்கள்.)

2

முதல் ஆரம்பம்: கெடிலம் ஆற்றின் கரையில் ஓர் அழகான வீடு இருந்தது, அந்த வீட்டில்—

பொய். வீடு கடலூரில்தான், கெடிலத்துக்குக் கிட்டத்தில்தான். அழகு கிடையாது. ஆற்றிலும் தண்ணீரைவிட ஆகாயத்தாமரைதான் அதிகம்.

இரண்டாவது ஆரம்பம்: கயல்விழி மற்றக் குழந்தைகளைப் போல இல்லை. அவள்—

எந்தக் குழந்தை மற்றக் குழந்தையைப் போல இருக்கிறது? இதுவும் வேண்டாம்.

மூன்றாவது: பொன்னி தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள்.

இது சரி. எல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

பொன்னி தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். சின்னையனின் மருமகள். அவள் புருஷன் இளவரசு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். பின்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து துண்டை உதறி, முடியை முதுகில் விரித்துப் போட்டாள். உட்கார்ந்தால் படியில் புரளுகிற முடி. சாயங்கால வெயில் பக்கத்து வீட்டு முருங்கைமரத்துக்குள் நுழைந்து, பொடிப் பொடியாகி, இந்தப் பக்கம் வந்து விழும். கயல் எங்கிருந்தாலும் அந்த நேரத்துக்கு வந்துவிடும். ஏழு வயது. யாரும் கூப்பிட வேண்டாம். பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு முடியாகப் பிரித்து வெயிலுக்கு நேரே பிடிக்கும்.

ஈர முடி கறுப்பு என்றுதான் சின்னையனும் நினைத்திருந்தான். ஒருநாள் குழந்தைக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். கறுப்பே இல்லை. ஓரத்தில் செம்பு. நடுவில் ஓரிடத்தில் மயில் கழுத்துப் பச்சை. நுனியில் தொங்குகிற துளிக்குள் முருங்கைமரம், மதில், ஆகாயம் எல்லாம் தலைகீழாக நின்றன. துளி விழுந்தது. மரமும் மதிலும் படியில் ஒரு பொட்டு ஈரமாகிவிட்டன. அடுத்த முடியில் இன்னொரு ஆகாயம் வந்து தொங்கியது.

அந்த நேரத்தில் வீடு கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற மாதிரி இருக்கும். அடுப்பில் குக்கர் கத்தினால்கூட அடுத்த தெருவில் கத்துகிற மாதிரி கேட்கும். குழந்தையின் வாய் லேசாகத் திறந்திருக்கும். பொன்னி ஆடாமல் இருப்பாள். ஆனால் இதை அவள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

"முடியப் பாக்குறா மாமா. என்னைப் பாக்க மாட்டேங்குறா."

"முடி யாருது? எதுத்த வூட்டுக்காரியுதா?"

"வெளையாடாதீங்க. ஒரு வாட்டி என் மூஞ்சியப் பாத்து, இவதான் நம்ம அம்மான்னு அவளுக்குத் தெரியுதுன்னு எனக்குத் தெரிஞ்சிட்டா போதும். வேற ஒன்னியும் வாணாம்."

இந்தக் கதையில் பொன்னி கேட்பது இது ஒன்றைத்தான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி சொல்ல மாட்டேன்.

சின்னையனுக்கும் முகம் மனசில் நிற்காது. வண்டிதான் நிற்கும். சீட்டுக் கிழிசலுக்குப் பச்சை டேப் ஒட்டியவர், கண்ணாடியில் எலுமிச்சம்பழம் கட்டியவர் என்றுதான் ஆட்களைத் தெரியும். அதே ஆள் வண்டியில்லாமல் கடைத்தெருவில் எதிரே வந்து வணக்கம் வைத்தால், யாரடா இவன் என்று நிற்பான். இத்தனை வருஷத்தில் யாரும் அவனைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப் போய்ச் சோதிக்கவில்லை. இன்னொன்று: எவ்வளவு பழகிய வண்டியாக இருந்தாலும் டோக்கன் இல்லாமல் எடுத்துக் கொடுக்க மாட்டான். அழுதாலும் சரி, ரயில் போய்விட்டது என்றாலும் சரி. ஸ்டாண்டில் அவனுக்குப் பேரே 'டோக்கன்'தான்.

3

மூன்று பேரும் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் பிடித்துச் சிதம்பரம் போனார்கள். ஒரு மருந்துக்கடை மாடியில் சனா சோதிக்கிற அறை. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. உள்ளே ஏசிக் குளிர். வெளியே பகல் என்பதே மறந்துவிடுகிற மாதிரி இருந்தது.

(சனாவை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் கெட்டவளாக எழுதினேன். பிள்ளைகளை வைத்துப் பட்டம் வாங்குகிறவள் என்று. ஆனால் அவள் கயலைத் தொடுவதற்கு முன்னால் தன் கையைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டதைப் பார்த்துவிட்டேன். சரி, நல்லவளாக்கிவிடுவோம் என்று, அவளுக்கும் இப்படி ஒரு தம்பி இருக்கிறான் என்று எழுதினேன். படித்துவிட்டு, "எனக்குத் தம்பியே கெடையாது தாத்தா" என்றாள். அடித்துவிட்டேன். அவள் நல்லவளா கெட்டவளா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

"ஊசி கீசி போடுவீங்களாம்மா?" என்றான் சின்னையன்.

"இல்ல தாத்தா. பாக்குறது மட்டுந்தான்."

"பாக்குறதுக்கு எதுக்கு ஆராய்ச்சி? கண்ணத் தொறந்தா தெரியப்போவுது."

"எல்லாருக்கும் ஒரே மாதிரியா தெரியுது?"

திரையில் ஒரு படம் வந்தது. சின்னையனுக்குப் பெரிய நட்சத்திரம் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், குட்டிக் குட்டி வட்டங்களை அடுக்கி நட்சத்திரம் போட்டிருந்தார்கள். கயல் நட்சத்திரத்தைத் தொடவே இல்லை. ஒரு வட்டத்தைத் தொட்டது, பக்கத்து வட்டத்தைத் தொட்டது, அப்படியே போய்க்கொண்டே இருந்தது.

"முழுசாப் பாக்கத் தெரியாதுன்னு இல்ல தாத்தா" என்றாள் சனா. "மத்தவங்களுக்கு முழுசு மொதல்ல வந்துடும். இவளுக்குத் துண்டு மொதல்ல வருது. முழுசு வர நேரமாவுது. எவ்ளோ நேரம், வளர வளர அது எப்படி மாறுது, அதான் எங்க வேலை. அதுக்குத்தான் வருஷா வருஷம் வரச் சொல்றோம்."

அடுத்து, கறுப்புத் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். மழை விட்டதும் ஸ்டாண்ட் விளக்கைச் சுற்றுகிற ஈசல் மாதிரி அங்கும் இங்கும் அலைந்தன. சின்னையனுக்கும் ஆசையாக இருந்தது, உட்கார்ந்தான்.

"எந்தப் பக்கமா போவுது தாத்தா?"

"இது மறைஞ்சிடுச்சே."

"எது?"

"நான் பாத்துக்கினு இருந்தது."

"ஒன்னப் பாக்கக் கூடாது. எல்லாம் சேந்து எந்தப் பக்கம் போவுதுன்னு சொல்லணும்."

"எல்லாத்தையும் எப்பிடிம்மா பாக்குறது? அதுல ஒன்னு அழகா போயிக்கினு இருந்துது."

கயல் அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதுவும் ஏதோ ஒரு புள்ளியோடு போய்க்கொண்டிருந்தது. இருட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஈசலை வைத்துக்கொண்டு எங்கேயோ போனார்கள். கொஞ்ச நேரத்துக்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே சின்னையனுக்குத் தெரியவில்லை. அது சுகமாகத்தான் இருந்தது.

கடைசியில் முகங்கள். யார் யாரோ பெண்களின் போட்டோ. நடுவில் ஒன்று, அன்றைக்கே எடுத்த பொன்னியின் போட்டோ. சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்கிற மாதிரி. திரைக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. பிள்ளையின் கண் படத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்று அது பிடித்துவிடுமாம். பொன்னி தடுப்புக்குப் பின்னால் நின்று முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் முதல் ஆளாக வந்தாள்.

"என் மூஞ்சியப் பாத்தாளா?"

"அது இப்ப சொல்லக் கூடாதுக்கா. அடுத்த வருஷமும் பாத்துட்டு, ரெண்டையும் பக்கத்துல வெச்சித்தான் சொல்வோம். இப்பவே சொன்னா வீட்ல நீங்க அதுக்குத் தகுந்த மாதிரி மாறிடுவீங்க. அப்புறம் அது எங்களுக்கு ஒதவாது."

"ஆமா, இல்ல. ஒரு வார்த்த போதும்."

சனா பொன்னியின் முகத்தைப் பார்க்காமல் ஏதோ வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இதையும் குறித்துக்கொள்ளம்மா என்று சின்னையன் மனசுக்குள் சொன்னான்.

4

திரும்புகிற ரயிலில் கயல் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, கம்பியின் துருவைப் பார்த்துக்கொண்டே வந்தது. துருவுக்குப் பின்னால் வயலும் உப்புக் காற்றும் ஓடின. ஆலப்பாக்கம் தாண்டியது.

"ஸ்ரீமுஷ்ணத்துல முடி குடுக்கறதா வேண்டிக்கிட்டேன் மாமா."

"எப்ப?"

"இப்பத்தான்."

"சரி. நடந்தா குடுப்போம்."

"இல்ல. அடுத்த வாரமே குடுக்கப்போறேன்."

"வேண்டுனது நடந்தப்புறம்தான் குடுப்பாங்க?"

"நடந்தப்புறம் குடுத்தா அது கூலி மாமா. முன்னாடியே குடுத்துட்டா..."

"குடுத்துட்டா?"

"சாமிக்கும் ஒரு இது இருக்கும்ல."

சின்னையன் சாமியையும் நம்புகிறவன் இல்லை, சனாவையும் நம்புகிறவன் இல்லை. ஆனால் கேட்டதற்கு ஒரு வார்த்தை சொல்லாத ஓர் இடத்திலிருந்து எழுந்து வந்தவள், கேட்க இன்னோர் இடம் தேடினால் அவளை என்ன சொல்வது?

5

பொன்னி மொட்டையடித்துக்கொள்ளப் போனாள். கயல் எப்படியோ பின்னாலேயே போய், முடி எடுக்கிற கொட்டகையில் விழுந்து கிடந்த சடையைக் கண்டுபிடித்து, அதை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு—

(இது நடக்கவில்லை. எழுதிப் பார்த்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. கண் கலங்கியதும்தான் சந்தேகம் வந்தது. நடந்தது இதைவிடச் சின்னது.)

5, மறுபடியும்

கயல் கொட்டகைக்குப் போகவே இல்லை. சின்னையனோடு கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தது. தண்ணீரில் ஒரு பொரி மிதந்து வந்தது. அதை ஒரு மீன் இழுத்தது, விட்டது. வெயிலில் குளம் முழுக்கச் சில்லறையைக் கொட்டினாற்போல இருந்தது. பொன்னி தலையில் சந்தனத்தோடு படி இறங்கி வந்தாள். ஒரு நிமிஷம் சின்னையனுக்கே பிடிபடவில்லை. யாரோ ஒரு பையன் பொன்னியின் புடவையைக் கட்டிக்கொண்டு வருகிறான் என்றுதான் பட்டது.

"கயலு. அம்மாடா. இங்க பாரு."

குழந்தை அந்தப் பக்கம் திரும்பியது. பொன்னியைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் இருந்த படிகளைப் பார்த்தது. எழுந்து அவளைச் சுற்றிக்கொண்டு போய் மேல்படியில் நின்று, கொட்டகை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. வர வேண்டியவர் இன்னும் வரவில்லை என்கிற மாதிரி.

பொன்னி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தது. மீதியைக் கொண்டுவந்து சின்னையன் கையில் கொடுத்தது.

அவ்வளவுதான் நடந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு அது தேட ஆரம்பித்தது. அழவில்லை, கத்தவில்லை. பொன்னி அடுப்படியில் நிற்பாள். அவளைத் தாண்டிப் போய்க் கதவுக்குப் பின்னால் பார்க்கும், கொடியில் தொங்குகிற புடவையைத் தூக்கிப் பார்க்கும். "கண்ணு, அம்மா" என்று குரல் கொடுத்தால் நிற்கும், காதைச் சாய்க்கும், குரல் எங்கிருந்து வருகிறது என்று கூரையைப் பார்க்கும். சாயங்காலம் வெயில் முருங்கைக்குள் நுழைகிற நேரத்துக்குச் சரியாகப் பின்கட்டுக்கு வந்து, காலியான படிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும்.

பொன்னி ஓசைப்படாமல் போய் அந்தப் படியில், எப்போதும் உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்தாள். கயல் எழுந்தது. அம்மாவின் இடத்தில் யாரோ வந்து உட்கார்ந்துவிட்டார்களே என்று மரியாதையாக நகர்ந்து, கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தது.

"நான் அவளுக்கு இல்லாமப் போயிட்டேன் மாமா" என்றாள் பொன்னி. குரல் கம்மவில்லை. கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

இளவரசு மஸ்கட்டிலிருந்து போனில் வந்தான். "முடிதானப்பா. வளந்துடும்."

"வளரும். அதுவரைக்கும் புள்ளைக்கு யாருடா அம்மா?"



6

சனா சொன்ன ஒரு வருஷம் முடிவதற்கு ரொம்ப முன்னாலேயே சிதம்பரம் போனார்கள். பொன்னி தலையில் துணி கட்டியிருந்தாள். சனா கதவைத் திறந்து, "வாங்கக்கா" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். துணிக்குக் கீழே காதோரம் வெறுமையாக இருந்ததைப் பார்த்தாள்.

"முடி...?"

"சாமிக்கிக் குடுத்துட்டேன்."

சனா கயலைப் பார்த்தாள். கயல் சின்னையனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த ஓர் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடந்ததைச் சின்னையன் சொன்னான். சனா நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அப்புறம் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். கம்ப்யூட்டரைத் திறந்து, போன தடவை எடுத்த படங்களைக் காட்டினாள்.

கண் நின்ற இடத்தில் எல்லாம் சிவப்புப் பொட்டு. அந்நியப் பெண்களின் படத்தில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பாதி படத்துக்கு வெளியே. பொன்னியின் படத்தில் கண்ணிலும் இல்லை, வாயிலும் இல்லை. வகிட்டில் தொடங்கி, காதோரமாக இறங்கி, தோளில் கிடந்த சடையின் ஒவ்வொரு பின்னலிலும் நின்று நின்று, நுனிவரைக்கும் போயிருந்தது. மருதாணி வைத்தாற்போல ஒரே சிவப்பு.

"வேற யாரு படத்துலயும் இவ்ளோ நேரம் நிக்கல" என்றாள் சனா. "உங்க படம் போனப்புறமும் அந்த எடத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு உங்களைத் தெரியும்க்கா. அவளுக்கு உங்க மூஞ்சியே அதுதான்."

பொன்னி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா?"

சனா இந்தத் தடவை வயரைச் சுற்றவில்லை. பொன்னியின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் கேட்டது எங்கிட்டயே இருந்துருக்கு. அதப் பின்னி, பூ வெச்சி, கொண்டுபோயி..." பொன்னிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே துணியை இறுக்கிக் கட்டினாள். கட்டினது போதாது என்று மறுபடி இறுக்கினாள்.

(இங்கே சனாவைத் திட்டி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். சாமியைத் திட்டி அரைப் பக்கம். இரண்டையும் எடுத்துவிட்டேன். பொன்னி யாரையும் திட்டவில்லை. திட்டாதவள் கதையில் நான் நடுவில் புகுந்து திட்டினால் அசிங்கமாக இருக்கிறது.)

வெளியே வந்ததும் சின்னையனுக்கு ஒரு யோசனை தோன்றியது. சிதம்பரத்தில் நாட்டியம் ஆடுகிற பெண்களுக்குச் சலங்கை, சவுரி, நெத்திச்சுட்டி விற்கிற கடைகள் இருக்கின்றன. நீளமாக ஒரு சவுரி வாங்கினான். கடைக்காரன் பொன்னியைப் பார்த்தான், கிழவனைப் பார்த்தான். "அரங்கேற்றமா பெரியவரே?" என்றான்.

"ஆமா. நாந்தான் ஆடப்போறேன். குடுய்யா."

தலைத்துணியில் ஊக்கு குத்தி அதைத் தொங்கவிட்டார்கள். கயல் கிட்ட வந்தது. பொன்னி மூச்சுவிடவில்லை. குழந்தை சவுரியில் ஓர் இழையைப் பிரித்து வெயிலுக்கு நேரே பிடித்தது. நைலான். ஒரே கறுப்பு. செம்பும் இல்லை, பச்சையும் இல்லை. கடையில் பிடிக்காத துணியைத் திருப்பி வைக்கிற மாதிரி அதை ஒழுங்காகத் தொங்கவிட்டுவிட்டு, போய்விட்டது.

7

இதற்குமேல் எப்படி முடிப்பது என்று எழுதிப் பார்த்தவை:

முடி வளர்ந்தது. பழையபடி வாசற்படி, பழையபடி வெயில். கயல் வந்து பின்னால் உட்கார்ந்தது. சுபம். (வளரும்வரை பொன்னி எப்படி இருந்தாள் என்று கேட்பீர்கள். எனக்குப் பதில் தெரியாது.)

சனா ஒரு பயிற்சி கொடுத்தாள். கயல் மெல்ல மெல்ல முகத்தைப் பார்க்கப் பழகியது. ஒருநாள் திரும்பி, பொன்னியின் கண்ணைப் பார்த்து— (இதை எழுதினால் சனாவே சிரிப்பாள். "அப்படியெல்லாம் வாக்கு குடுக்க முடியாது தாத்தா" என்பாள். தவிர, கண்ணைப் பார்த்தால்தான் அம்மாவா?)

குழந்தை தேடுவதை நிறுத்திவிட்டது. (இதை எழுதிவிட்டு அன்றைக்கு முழுக்க நான் சாப்பிடவில்லை. கிழித்துவிட்டேன். இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், அப்படியும் ஒரு முடிவு இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.)

8

சவுரி வாங்கிய அன்றைக்கே, சிதம்பரம் ஸ்டேஷன். ரயில் இன்னும் வரவில்லை. மேற்கு வெயில் கூரை விளிம்புக்குக் கீழே நுழைந்து பிளாட்பாரத்தில் நீட்டிப் படுத்திருந்தது. நாய் ஒன்று அந்த வெயிலுக்குள் போய்ப் படுத்தது. தண்டவாளம் தூரத்தில் நெளிந்து தண்ணீராகிக் கிடந்தது. டீ விற்கிறவனின் குரல்கூடக் கனவில் கூப்பிடுகிற மாதிரி இழுத்து இழுத்து வந்தது.

பொன்னி சவுரியை அவிழ்த்துப் பைக்குள் போட்டாள். வியர்த்தது. தலைத்துணியையும் அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். யார் பார்த்தால் என்ன என்று வந்துவிட்டது போலிருக்கிறது. கை வைத்தால் குத்துகிற அளவுக்கு முடி முளைத்திருந்தது.

சின்னையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கயல் எழுந்தது. சிமென்ட் பெஞ்சின் மேல் ஏறியது. பொன்னிக்குப் பின்னால் போய் முட்டி போட்டுக்கொண்டது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு உள்ளங்கையை, அடுப்பில் இருக்கிற பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, அந்தத் தலைமேல் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது.

பொன்னி சிலையாகிவிட்டாள்.

"மாமா."

"ம்."

"நான் திரும்ப மாட்டேன். திரும்புனா போயிடுவா. நீங்க பாத்துச் சொல்லுங்க. என்னைத்தான் பாக்குறாளா?"

சின்னையன் சாய்ந்து பார்த்தான். குழந்தையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. வாசற்படியில் அப்போதெல்லாம் திறந்திருக்குமே, அதே மாதிரி. ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு பொட்டு வெயில் உட்கார்ந்திருந்தது. பொன்னி மூச்சு விடும்போதெல்லாம் அத்தனை பொட்டும் லேசாக அசைந்தன. குழந்தை குனிந்து கன்னத்தை அந்த முள்ளில் வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்தே வைத்திருந்தது.

"உன்னைத்தான் பாக்குறா" என்றான் சின்னையன்.

(சொல்லவில்லை. எழுதிப் பார்த்தேன்.)

"வெயிலப் பாக்குறா" என்றான்.

(இதையும் சொல்லவில்லை.)

"சொல்லுங்க மாமா."

அம்மாவைத்தான் கண்டுபிடித்துவிட்டதா? முளைக்கிற முடியில் வெயில் படுவது எங்கேயும் அழகுதான். யார் தலையாக இருந்தாலும் இப்படித்தான் கன்னத்தை வைக்குமா? சனாவிடம் கேட்டால் அடுத்த வருஷம் என்பாள். சாமியிடம் கேட்டால் அந்தப் பதிலும் வராது. நீங்கள் அந்த பெஞ்சில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அதைச் சொல்லிவிடுங்கள். பொன்னி இன்னும் திரும்பாமல்தான் இருக்கிறாள்.

சின்னையன் தெரிந்த வண்டிக்கே டோக்கன் கேட்கிறவன். காலி பாட்டிலை எடுத்தான்.

"தண்ணி புடிச்சாறேன்" என்று எழுந்தான்.

குழாய் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. பாதி வழி போய்த் திரும்பிப் பார்த்தான். வெயிலில் கண் கூசியது. பெஞ்சில் அம்மா தனியாக, குழந்தை தனியாகத் தெரியவில்லை. ஒரே ஓர் ஆள், இரண்டு கையும் இரண்டு காலும் கூடுதலாக இருக்கிற ஓர் ஆள், அசையாமல் உட்கார்ந்திருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டான். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் அப்படித்தான் ஒன்றாகத் தெரியும், அதை வைத்து என்ன சொல்ல முடியும் என்று முனகிக்கொண்டே குழாயை நோக்கி நடந்தான்.